நிறுத்திவைத்த கையெழுத்து

சனி, 8

விடிந்ததிலிருந்து மழை. பினாங்கு மலை தெரியவில்லை. ஆயர் ஈத்தாமில் என் சேவை மையம் ஒன்பதுக்குத்தான் திறப்பு, எட்டரைக்கே ஆட்கள். உதவியாளர் லதா நனைந்த குடைகளுக்கு ஒரு வாளி வைத்தாள்.

இன்று வந்தவை:
– பி புளோக் லிஃப்ட் ஓடவில்லை. மூன்றாவது வாரம்.
– பசாருக்குப் பின்னால் கால்வாய் அடைப்பு. புகைப்படத்தோடு.
– மகன் பேரப்பிள்ளையைக் காட்டுவதில்லை என்று ஒரு பெரியவர். ஒய்.பி. ஒய்.பி. என்கிறார், நாடாளுமன்ற உறுப்பினர் நான் என்ன செய்ய? இருந்தாலும் அரை மணி நேரம் கேட்டேன்.
– செல்வி அக்காவும் தேவிகாவும்.

தேவிகாவின் கோப்பு, நான் ஜெயித்து மையம் திறந்த அன்று வந்த முதல் கோப்பு. நாலு வருடம் ஆகிறது. பிளாட்டில் தையல் வேலை செய்யும் செல்வி அக்கா, யாரோ ஒருத்தி கையில் கொடுத்துவிட்டுப் போன குழந்தையை எடுத்து வளர்த்தவர். கொடுத்தவளுக்கே குடியுரிமைப் பத்திரம் கிடையாது. அதனால் பிள்ளைக்கும் இல்லை. இங்கே பிறந்தவள், இங்கே படித்தவள், எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. நர்ஸ் படிக்க ஆசை. படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்கும் கட்டத்தோடு நின்றுவிட்டது.

வருகிற வெள்ளி அவளுக்கு இருபத்தொன்று முடிகிறது. அதற்குள் குடியுரிமைக்கு உள்துறை அமைச்சர் கையெழுத்துப் போட வேண்டும். தாண்டிவிட்டால் இந்தச் சட்டப் பிரிவில் வழி இல்லை. கோப்பு மேசைக்குப் போய்விட்டது, திங்கட்கிழமை கையெழுத்தாகும் என்று அமைச்சரின் செயலாளர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். செ. அக்கா கும்பிட்டார். கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். தே. கும்பிடவில்லை. "திங்கக்கிழமை நிச்சயமா ஒய்.பி.?" என்று மட்டும் கேட்டாள். நிச்சயம் என்றேன்.

பகல் ஒன்று. கைப்பேசி நிற்காமல் அடித்தது. எங்கள் ஆளும் கூட்டணியிலிருந்து ஒரு கட்சி முழுசாக வெளியே போய்விட்டது. தனி ஆள் தாவினால் பதவி போகும் என்று சட்டம். கட்சியே தாவினால் போகாது.

மாலை ஐந்து. பிரதமர் ராஜினாமா. அடுத்த ஆள் முடிவாகும்வரை அவரே இடைக்காலப் பிரதமர். அமைச்சரவை கலைந்தது.

அப்படியென்றால் உள்துறை அமைச்சர் என்று ஒருவர் இல்லை.

செயலாளரை அழைத்தேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். கோப்பு எங்கே? மேசையில்தான் இருக்கிறதாம். இனி அது யாருடைய மேசை என்பதுதான் அவருக்குத் தெரியவில்லையாம்.

ஞாயிறு, 9

மழை விட்டது. புழுக்கம்.

காலையில் கட்சிக் கூட்டம், கணினித் திரையில். தலைவர் முகம் வீங்கியிருந்தது, தூங்கவில்லை போல. நூற்றுப் பன்னிரண்டு பேர் வேண்டும். எல்லாரும் பழைய பிரதமரை ஆதரித்துச் சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். புதன் மாலை ஆறுக்குள் கடிதங்கள் அரண்மனைக்குப் போகும்; எந்தப் பக்கம் அதிகம் என்று எண்ணி மாமன்னர் பிரதமரை நியமிப்பார். எதிர்த்தரப்பும் இதே வேலையில்தான். கணக்குப்படி நம்மிடம் சரியாக 112. ஒன்றுகூட உபரி இல்லை.

கூட்டம் முடிந்ததும் தலைவரைத் தனியாக அழைத்து தேவிகா கோப்பைப் பற்றிச் சொன்னேன். இடைக்காலப் பிரதமரே கையெழுத்திடலாமே என்று கேட்டேன். வீடு எரியும்போது பூந்தொட்டியைப் பற்றிப் பேசுகிறாயே என்றார். பூந்தொட்டி.

அதே தலைவர் நேற்று, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்த ஓர் உறுப்பினருக்கு வாரியத் தலைவர் பதவி தருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் தன் தொகுதிக்கு ஒரு பாலம் வாங்கிவிட்டார். அந்த இரண்டு பேரும் இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள். நான் கேட்ட அன்றே போடுகிறவள். என்னிடம் யாரும் என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் இருந்தபோதும் அப்படித்தான். ஒழுங்காக வருகிறவளுக்கே கூடுதல் ஷிப்ட்.

மாலையில் ரஹ்மான் அழைத்தார். சபையில் எனக்குப் பக்கத்து இருக்கை, வேறு மாநிலத்துக்காரர், வேறு கட்சி, ஆனால் ஒரே கூட்டணி. கூட்டம் இழுத்துக்கொண்டே போனால் இஞ்சி மிட்டாய் தருவார். நீ போட்டுவிட்டாயா என்று கேட்டார். நாளைக்குப் போடுகிறேன் என்றேன். தன்மீதும் நெருக்கடி அதிகம், நீ போட்டதும் சொல், நானும் உடனே போட்டுவிடுகிறேன் என்றார். பயந்த குரல். பெரிய ஆள், பயந்தால் குழந்தை மாதிரி.

துணி காயவில்லை. என் வீட்டுக்காரர் குணா எல்லாவற்றையும் மறுபடி துவைத்தார்.

திங்கள், 10

டவுனில் சத்தியப் பிரமாண ஆணையரைப் பத்தரைக்குப் பார்ப்பதாக ஏற்பாடு. போகவில்லை.

காரணம்: ஒன்பதரைக்கு பாயான் பாருவில் ஒரு காப்பிக் கடைக்கு வரச் சொல்லி ஒரு டத்தோ பட்டக்காரர். பழைய அறிமுகம். நான் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தபோது முதலாளிகள் பக்கம் உட்கார்ந்தவர். இப்போது எதிர்த்தரப்புக்குத் தூது. துணையமைச்சர் பதவி என்றார். வேண்டாம் என்றேன். கட்சியை விடவே வேண்டாம், கட்சியிலேயே இருந்துகொண்டு எங்கள் ஆளை ஆதரித்து ஒரு கடிதம் போதும், சட்டம் ஒன்றும் செய்யாது என்றார். அதற்கும் வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

அப்போதுதான் சொன்னார். "ஒக்காருங்க ஒய்.பி. அந்தப் புள்ள கேஸ் எனக்குத் தெரியும். நம்ம ஆளு பிரதமரா வந்துட்டா அவரோட முதல் கையெழுத்தே அதுதான். நீங்க யோசிங்க."

எப்படித் தெரியும்? பெட்டி கட்டிய செயலாளரா? கேட்கவில்லை. உட்கார்ந்தேன். அதற்காக இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அவர் ரொட்டி பாக்கார் சாப்பிட்டார். நான் முடியாது என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. வியாழக்கிழமைக்குள் பிரதமர் வந்துவிடுவார், அமைச்சர் என்றைக்கு வருவார் என்று யாருக்கும் தெரியாது, அவசரம் உங்களுக்குத்தான் என்றார். அது உண்மை.

நேராக செ. அக்கா வீடு. பி புளோக், எட்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஆறாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினேன். டத்தோ விஷயத்தைச் சொல்லவில்லை. அமைச்சர் இல்லை, இன்று கையெழுத்து ஆகாது என்பதை மட்டும் சொன்னேன். அக்கா தையல் மிஷினை நிறுத்தவில்லை. ஒரு ஜாக்கெட் கையை முழுவதும் தைத்து முடித்த பிறகுதான் நிறுத்தினார். கோணலாகப் போயிருந்தது. பிரித்தார்.

தே. பூக்கடையிலிருந்து அப்போதுதான் வந்தாள். விரல் நுனியெல்லாம் நார்ப் பச்சை. கேட்டுவிட்டு விரல் நுனியைச் சுரண்டினாள். பிறகு:

"யாரு பிரதமரா இருந்தா எனக்கென்ன ஒய்.பி.? யாரோ ஒருத்தர் போடட்டும். நாலு வருஷமா நீங்க நல்லாத்தான் பேசறீங்க. அம்மா உங்க போட்டோவ சாமி ரூம்ல மாட்டாத குறை. வெள்ளிக்கெழமைக்கு அப்புறம் நான் என்னா செய்யறது, அத மட்டும் சொல்லுங்கலா."

அக்கா அதட்டினார். அவள் சொன்னது சரி என்றேன். எட்டு மாடி இறங்கினேன்.

இறங்கும்போதுதான் தோன்றியது. கையெழுத்துப் போடாதவர்களுக்குத்தான் பாலம் கிடைக்கிறது.

செவ்வாய், 11

வெயில். காலை எட்டுக்குத் தலைவரை அழைத்தேன். எழுதிவைத்துப் படித்தேன், குரல் நடுங்கும் என்பதால். நான் எதிர்த்தரப்புக்குப் போக மாட்டேன். ஆனால் தேவிகா கோப்பில் இடைக்காலப் பிரதமரின் கையெழுத்து விழும்வரை என் சத்தியப் பிரமாணமும் வராது.

அவர் சொன்னது: "நீயுமா?"

அந்த ஒரு சொல்தான் நாள் முழுக்கக் காதில்.

பிறகு கத்தினார். ஒரு பெண்ணுக்காக அரசாங்கத்தையே அடகு வைக்கிறாயா, உன்னை இந்தத் தொகுதியில் நிறுத்தியது யார், இன்னும் என்னென்னவோ. கத்தி முடித்துவிட்டு, பிரதமரிடம் கேட்டுப் பார்க்கிறேன், அதுவரை யாரிடமும் பேசாதே, எந்த அழைப்பையும் எடுக்காதே என்றார். கட்சி வழக்கறிஞர் பேசினார். இடைக்காலப் பிரதமர் இப்படிக் கையெழுத்திடலாம் என்று தெளிவாக எங்கும் எழுதியில்லை, கூடாது என்றும் இல்லை. ஆனால் பேரம் பேசிப் போட்ட கையெழுத்து என்று வெளியே தெரிந்தால் யாராவது வழக்குப் போட்டு ரத்து செய்துவிடலாம். ஆகவே வாயே திறக்கக் கூடாது.

பதினொன்றுக்குச் செய்தி கசிந்துவிட்டது. எங்கிருந்து என்று தெரியாது. பினாங்குப் பெண் எம்.பி. இன்னும் கையெழுத்திடவில்லை. என் பழைய படம், வாய் திறந்தபடி. கீழே கருத்துகள், கட்சி தாவுகிறவர்களுக்கு இங்கே வைக்கும் பட்டப்பெயரில். தவளை. தவளை. தவளை. ஒருவர் தவளைக்குச் சேலை கட்டிப் படம் போட்டிருந்தார். நன்றாகவே வரைந்திருந்தார்.

பகல் பசார் போனேன். போயிருக்கக் கூடாது. மீன்காரச் சீன அங்கிள் பதினைந்து வருடப் பழக்கம். என்னைப் பார்த்ததும் ஐஸை அள்ளிப் போட ஆரம்பித்தார். அள்ளிக்கொண்டே இருந்தார். வாங்காமல் வந்துவிட்டேன்.

ரஹ்மான் அழைப்பு: 12.10, 2.45, 4.20.

எடுக்கவில்லை. தலைவர் சொன்னதற்காக மட்டுமல்ல. அவர் குரலைக் கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன் என்று பயம். புதனன்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வீட்டு வாசலில் பத்திரிகைக்காரர்கள். குணா அவர்களுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மேடம் தூங்குறாங்க என்று பகல் மூன்று மணிக்குச் சொன்னார். முப்பது வருடத்தில் அந்த மனிதர் சொன்ன முதல் பொய்யாக இருக்கும்.

புதன், 12

காலை: ஒன்றும் இல்லை.
பத்து: ஒன்றும் இல்லை.
பதினொன்று: லதா அழுதுகொண்டே அழைத்தாள். மையத்துக் கதவில் யாரோ முட்டை அடித்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போ என்றேன். போகவில்லை, கழுவிக்கொண்டிருக்கிறாள். அவளிடமும் சொல்லவில்லை. ஏன் என்று அவள் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் தேவலை.

பகல் 1.50. பிரதமர் அலுவலகம். கோப்பின் பிரதிகளை மறுபடி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். ஒரு பக்கம் தலைகீழாகப் போய்விட்டது. மறுபடி அனுப்பினேன்.

3.35. கையெழுத்தான தாளின் படம் வந்தது. முதலில் பெயரைப் பார்த்தேன். எழுத்துப்பிழை இல்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் விழுந்துவிட்டதாக நினைத்து குணா ஓடிவந்தார்.

4.15. டவுன். ஆணையர் முன்னால் கையெழுத்து. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, முத்திரையைக் குத்திவிட்டுத் தாளைத் தள்ளினார். படம் எடுத்துத் தலைவருக்கு அனுப்பினேன், ஆறு மணிக்கு அது போதுமாம். மூலப் பிரதியை எடுத்துக்கொண்டு கட்சி ஆள் விமானத்துக்கு ஓடினார்.

4.40. காரில் உட்கார்ந்து ரஹ்மானை அழைத்தேன். கைப்பேசி அணைந்திருந்தது.

5.05. வானொலி. ரஹ்மானும் அவர் மாநிலத்து இன்னோர் உறுப்பினரும் எதிர்த்தரப்புக்கு ஆதரவு. பத்திரிகையாளர் கூட்டம் மூன்றே முக்காலுக்கே நடந்திருக்கிறது. கட்சியை விடவில்லை. ஒரு கடிதம்தான்.

112 இப்போது 110.

குணா வண்டியை ஓரம் கட்டினார். வைப்பரைப் போட்டார். மழை இல்லை.

இன்னொன்று. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. தேவிகா மாதிரி என் மையத்தில் இன்னும் பதினேழு கோப்புகள் இருக்கின்றன. மொத்தம் பதினெட்டு. அரசாங்கமே என் கையெழுத்துக்குக் காத்திருந்த ஒன்றரை நாள், நான் ஒன்றே ஒன்று கேட்டேன். பதினெட்டையும் கேட்டிருக்கலாம். தோன்றவே இல்லை. கேட்டுப் பழக்கமில்லாதவளுக்குக் கேட்கவும் தெரிவதில்லை.

வியாழன், 13

குணா காலை ஐந்துக்கே செ. அக்காவையும் தே.வையும் ஏற்றிக்கொண்டு புத்ராஜெயாவில் உள்துறை அலுவலகத்துக்குப் போனார். குடியுரிமைக் கடிதத்தைக் கையால் வாங்க வேண்டும். நாளைக்கு என்று விடப் பயம்.

ரஹ்மானிடமிருந்து குறுஞ்செய்தி, மலாயில். தமிழில் இங்கே எழுதிவைக்கிறேன்:

நீ கையெழுத்துப் போடவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நான் நம்பவில்லை. உன்னையே கேட்கலாம் என்று மூன்று தடவை அழைத்தேன். நீ எடுக்கவில்லை. நீ போய்விட்டாய் என்று நினைத்தேன். நீயே போனால் அந்தக் கப்பலில் நான் மட்டும் ஏன்?

பத்துத் தடவை படித்தேன். பதில் எழுதினேன், அழித்தேன். கடைசியில் நான் போகவில்லை என்று மட்டும் அனுப்பினேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை.

பகல் 12.20. குணா: கடிதம் கையில். செ. அக்கா அலுவலகப் படியிலேயே உட்கார்ந்து அழுகிறாராம். தே. கடிதத்தைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறாளாம்.

பகல் 3. அரண்மனை அறிக்கை. எதிர்த்தரப்பு 112. நாளைக் காலை பதவிப்பிரமாணம்.

திங்கட்கிழமையிலிருந்து நான் கடத்திய இரண்டு நாள். அது இல்லையென்றால் ரஹ்மான் திங்கட்கிழமையே போட்டிருப்பார். வேறு மாதிரி கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், எப்படிப் போட்டாலும் இங்கேயே வந்து நிற்கிறது.

குணா எட்டு மணிக்குத் திரும்பினார். சோறு போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "சொல்லிடேன். உள்ளத ஊருக்குச் சொல்லிடு. எத்தன நாளு இதச் சுமப்ப?"

தேவிகாவின் அடையாள அட்டை இன்னும் கைக்கு வரவில்லை என்றேன். இப்போது சொன்னால் புதிய ஆட்கள் முதலில் கிழிப்பது அந்தக் கடிதத்தைத்தான். அட்டை வந்த பிறகு? அப்போதும் ரத்து செய்யலாம். அப்படியானால் என்றைக்கு? மோர் ஊற்றினேன்.

வெள்ளி, 14

பதவிப்பிரமாணத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் டத்தோ, புதுச் சொங்கோக் தொப்பியோடு. ரஹ்மான் கடைசி வரிசை. மெலிந்துவிட்ட மாதிரி. ஐந்து நாளில் மெலிய முடியுமா?

கட்சி அறிக்கை: கையெழுத்தைத் தாமதித்துக் கூட்டணியின் நம்பிக்கையைக் குலைத்த உறுப்பினர் மீது ஒழுங்கு நடவடிக்கை. பெயர் போடவில்லை. தேவையில்லை. கோப்பைப் பற்றித் தலைவர் மூச்சுவிடவில்லை. அதற்காக மட்டும் அவருக்கு நன்றி. அவர் கோபம் நியாயமானது. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன், வேறெங்கும் எழுத முடியாது.

தே. பிறந்தநாள். அழைக்கவில்லை.

சனி, 15

சேவை நாள். வெயில். கதவில் முட்டை நாற்றம் இன்னும் போகவில்லை. வந்தவர்கள் நாலு பேர். பி புளோக்கிலிருந்து ஒருவரும் இல்லை.

பதினொன்றுக்கு தேவிகா, தனியாக. கேசரி கொண்டுவந்திருந்தாள். அம்மா வரவில்லையா என்று கேட்டேன். வெட்கப்படுறாங்க என்றாள். எதற்கு என்று கேட்டேன். பிளாட்டில் எல்லாரும் பேசுகிறார்களாம். ஒய்.பி.யைப் பார்க்கப் போனால் நம்மையும் பேசுவார்கள் என்று அம்மா சொன்னாராம். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கடிதம் எப்படியோ கடைசி நேரத்தில் நகர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். சாமி செயல் என்கிறாராம் அம்மா. நல்லது, அப்படியே இருக்கட்டும்.

அட்டை எப்போது வரும், வங்கிக் கணக்கு திறக்கலாமா, நர்ஸ் படிப்புக்கு வயது தாண்டிவிட்டதா. எல்லாம் கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். அட்டை வந்தால் வாக்காளர் பட்டியலிலும் தானாகவே பெயர் ஏறிவிடும் என்று லதா சொன்னாள். அதைக் கேட்டதும் தே. நிமிர்ந்தாள். இதுவரை அவளிடம் பார்க்காத நிமிர்வு.

லதா தேநீர் போட உள்ளே போனாள். தே. என்னைப் பார்த்தாள்.

"ஒய்.பி., ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்காதீங்க. அவங்க சொல்றது உண்மையா? கையெழுத்துப் போடாம பேரம் பேசினீங்களா?"

பொய் சொல்ல நினைத்தேன். முடியவில்லை.

"ஆமா," என்றேன்.

"எதுக்கு?"

"அது சொல்ல முடியாது."

அவள் தலையாட்டினாள். கேசரி டப்பாவின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினாள். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள்: "நீங்க எனக்கு நெறைய செஞ்சிருக்கீங்க. நான் மறக்க மாட்டேன். ஆனா எனக்கு ஓட்டு வந்தா, உங்களுக்குப் போட முடியாது ஒய்.பி. முதல் ஓட்டு. தப்பா எடுத்துக்காதீங்க."

எடுத்துக்கொள்ளவில்லை என்றேன். நீ யோசித்து யாருக்குப் போடுகிறாயோ அது சரிதான் என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது. லதா தேநீர் கொண்டுவந்தாள். மூன்று பேரும் கேசரி சாப்பிட்டோம். முந்திரி நிறையப் போட்டிருந்தார் அக்கா.

திங்கள், 17

மறுபடி மழை. அமைச்சரவைப் பட்டியல் வந்தது. உள்துறைக்குப் புது ஆள். எனக்குப் பழக்கமில்லை. என்னை அவருக்குத் தெரிந்திருக்கும், தவளைப் படத்திலிருந்து.

பதினேழு கோப்புகளையும் பிறந்த தேதிப்படி அடுக்கினேன். முதலாவது ஒரு பையன், சிம்பாங் அம்பாட்டில் கிடங்கு வேலை. இருபத்தொன்று முடிய இன்னும் எட்டு வாரம்.

சந்திக்க நேரம் கேட்டு அமைச்சருக்குக் கடிதம். தங்கள் நியமனத்துக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள் என்று லதா ஆரம்பித்து வைத்திருந்தாள். அந்த வரியை அடித்துவிட்டேன். அப்புறம் நானே அதை மறுபடி எழுதினேன்.